மாயத்துக்கு ஒரு விதி: தமிழ்த் தொலைக்காட்சித் தொடர்களில் மந்திரக் காட்சிகளின் வடிவமைப்பு

தீப்பிடித்த வீட்டையோ பெருமழையையோ கணினியில் உருவாக்கும் கலைஞருக்கு ஒப்பிட்டுப் பார்க்க உண்மையான தீயும் மழையும் இருக்கின்றன. சாபம் பலிப்பதையும், மந்திரவாதியின் கையிலிருந்து சக்தி கிளம்புவதையும், பெண் நாகமாக மாறுவதையும் உருவாக்குபவருக்கு அப்படியொரு மூலம் கிடையாது. அவர் உருவாக்குவது சரியா தவறா என்று சொல்ல இயற்கையில் சாட்சி இல்லை. பார்வையாளர் அதை ஏற்பதும் மறுப்பதும், கதை தனக்கென வகுத்துக்கொண்ட விதிகளைக் காட்சி மதிக்கிறதா என்பதைப் பொறுத்தது. யாரிடமிருந்து சக்தி வருகிறது, எதைச் செய்தால் வருகிறது, எவ்வளவு தூரம் செல்லும், எதனால் நிற்கும் என்ற கேள்விகளுக்கு விடை முடிவான பிறகே நிறமும் ஒளியும் புகையும் வடிவம் பெறுகின்றன.

தினமும் ஒளிபரப்பாகும் தொடரில் இந்த விதிகளின் தேவை இன்னும் கூடுகிறது. திரைப்படத்தில் ஒரு மாயக் காட்சியை ஒரு முறை செய்தால் போதும். தொடரில் அதே மாயம் மாதக்கணக்கில், பல கைகளால், குறைந்த நேரத்தில், ஒரே மாதிரி செய்யப்பட வேண்டும். தமிழ்நாட்டில் இந்தக் கலை கணினியோடு தொடங்கியதல்ல. கூத்துக் களம், நாடக மேடை, சென்னை ஸ்டுடியோக்கள் ஆகியவற்றில் உருவான முறைகளைத்தான் இன்றைய தொடர்கள் வேறு கருவிகளால் தொடர்கின்றன.

கூத்தும் மேடையும்

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களின் ஊர்களில் திரௌபதி அம்மன் கோயில்களை ஒட்டிக் கோடைக்காலத்தில் பாரத விழா நடக்கிறது. பகலில் பாரதச் சொற்பொழிவும் இரவில் தெருக்கூத்தும் இடம்பெறும். துரியோதனனின் பெரிய மண்ணுருவம் தரையில் கிடக்கும் படுகள நாளும், உயர்ந்த மரத்தில் அர்ச்சுனன் வேடக்காரர் பாடிக்கொண்டே ஏறும் அர்ச்சுனன் தபசும் விழாவின் முக்கிய நிகழ்வுகள். தபசுக் காட்சியில், தவத்தின் பயனாக அர்ச்சுனன் பெறும் பாசுபத அஸ்திரம் கண்ணுக்குக் காட்டப்படுவதில்லை. ஏறும் உயரமும், ஏறுவதற்கு ஆகும் நேரமும், கீழே காத்திருக்கும் கூட்டமுமே அந்த ஆயுதத்தின் வலிமையை உணர்த்துகின்றன. சக்திக்கு முன்னால் அதற்கான விலை காட்டப்படுகிறது. கூத்தில் முக்கிய வேடம் நுழையும்போது இருவர் பிடிக்கும் திரையும் இதே வேலையைச் செய்கிறது. முதலில் சலங்கை ஒலி, பிறகு கிரீடத்தின் நுனி, அதன் பிறகே முழு உருவம். எதிர்பார்ப்பை நீட்டி, தோற்றத்தை ஒரு கணத்தில் விடுவிக்கும் இந்த முறை மாயக் காட்சி எதற்கும் அடிப்படையானது.

இருபதாம் நூற்றாண்டின் தொழில்முறை நாடகக் குழுக்கள் தந்திரக் காட்சிகளைத் தனித் துறையாகவே வளர்த்தன. நவாப் ராஜமாணிக்கம் பிள்ளையின் குழு புராண நாடகங்களின் பிரம்மாண்டத்துக்குப் பெயர்பெற்றது. அவருக்குப் பின் ஆர். எஸ். மனோகர் தமது நேஷனல் தியேட்டர்ஸ் குழுவின் 'இலங்கேஸ்வரன்', 'சூரபத்மன்' போன்ற நாடகங்களில் மேடை அமைப்பையும் ஒளியையும் தந்திரக் காட்சிகளையும் முதன்மை ஈர்ப்பாக ஆக்கினார். மேடைத் தந்திரத்தின் உயிர் நேரக் கணிப்பில் இருக்கிறது. ஒளி அணைவதும், பொறிக்கதவு திறப்பதும், நடிகர் இடம் மாறுவதும் ஒரே கணத்தில் நடக்க வேண்டும். பார்வையாளரின் கவனம் எங்கே இருக்கும் என்பதை முன்கூட்டியே அறிந்து, அதற்கு எதிர்ப்பக்கத்தில் வேலையை முடிக்க வேண்டும்.

கேமராவுக்குள் நடந்த மாயம்

சினிமாவின் முதல் தந்திரக் கலைஞர்கள் மேடை வித்தைக்காரர்களே. பாரிசில் மாயாஜால அரங்கு நடத்திய ஜார்ஜ் மெலியே 1896-இல், கேமராவை நிறுத்தி, நடிகையை அகற்றி, மீண்டும் ஓடவிட்டு, பெண் மறைவதைக் காட்டினார். இந்தியாவில் 'ராஜா ஹரிச்சந்திரா'வை 1913-இல் எடுத்த தாதாசாகேப் பால்கேயும் வித்தை கற்றவர். தம் பெயரின் எழுத்துகளைத் திருப்பிப் போட்டு 'புரொபசர் கெல்பா' என்ற பெயரில் வித்தை காட்டியவர். அவருடைய 'லங்கா தகனம்' (1917), 'காளிய மர்த்தனம்' (1919) ஆகிய படங்கள் புராணக் கதையையும் தந்திரக் காட்சியையும் இந்தியத் திரையில் பிரிக்க முடியாதபடி இணைத்தன.

தமிழில் இதன் பெரும் சாதனை 1944-இல் வெளிவந்த 'ஜகதலப்பிரதாபன்'. பி. யு. சின்னப்பா ஒரே சட்டகத்தில் ஐந்து பேராகத் தோன்றி, பாடகராகவும் பக்கவாத்தியக்காரர்களாகவும் கச்சேரி செய்த காட்சி அக்கால ரசிகர்களை வியக்கவைத்தது. இத்தகைய ஷாட்டுக்கு அன்று இருந்த வழி, லென்சின் ஒரு பகுதியைக் கறுப்பு மாஸ்க்கால் மறைத்துப் படம்பிடித்து, பிலிமைப் பின்னோக்கிச் சுற்றி, மறைத்த பகுதியைத் திறந்து மீண்டும் படம்பிடிப்பது. எத்தனை உருவமோ அத்தனை முறை அதே பிலிம் கேமராவுக்குள் ஓட வேண்டும். கேமரா நூலிழை நகர்ந்தாலும் இணைப்புக் கோடு தெரிந்துவிடும். நடிகரின் கை அந்தக் கோட்டைத் தாண்டினால் துண்டாகிவிடும். ஒரு பதிவில் ஏற்பட்ட பிழை மற்ற எல்லாப் பதிவுகளையும் கெடுத்துவிடும். 1965-இல் 'திருவிளையாடல்' படத்தில் சிவாஜி கணேசன் ஒரே பாடலில் பல வாத்தியங்களுடன் பல உருவங்களாக அமர்ந்த காட்சியும் இந்த மரபில் வந்தது.

விஜயா-வாஹினி ஸ்டுடியோவில் ஒளிப்பதிவாளர் மார்கஸ் பார்ட்லியும் இயக்குநர் கே. வி. ரெட்டியும் இணைந்து செய்த 'பாதாள பைரவி' (1951), 'மாயா பஜார்' (1957) ஆகிய படங்கள் இந்த முறைகளைக் கதையின் விதிகளுக்குள் கொண்டுவந்தன. இரண்டும் தெலுங்கிலும் தமிழிலும் உருவானவை. 'மாயா பஜார்' படத்தில் மின்விளக்கு பொருத்திய நூற்றுக்கணக்கான சிறு வீடுகளால் துவாரகை நகரம் அமைக்கப்பட்டது. கடோத்கஜனாக நடித்த எஸ். வி. ரங்காராவ் கல்யாணச் சமையல் முழுவதையும் உண்டு தீர்க்கும் காட்சியில் பண்டங்கள் தாமாக நகர்ந்து அவர் வாய்க்குள் செல்கின்றன. அந்தக் காட்சி இன்றும் நிலைத்திருப்பதற்குத் தந்திரத்தின் நேர்த்தி மட்டும் காரணமாகாது. கடோத்கஜனின் சக்தி அவன் பசிக்கும் குறும்புக்கும் ஏற்ற வடிவத்தில் வெளிப்படுகிறது. அதே படத்தில் அவன் மணப்பெண்ணாக உருமாறியபின், அந்த வேடத்தில் நடித்த சாவித்திரியின் நடையிலும் விழியிலும் அரக்கனின் முரட்டுத்தனம் தெரிகிறது. அங்கே மாயத்தைத் தாங்கி நிற்பது நடிப்பு. ஒளிப்பதிவுத் தந்திரம் உருமாறும் கணத்துக்கு மட்டும் தேவைப்பட்டது. பின்னர் ரவிகாந்த் நாகாய்ச் போன்ற தந்திர ஒளிப்பதிவாளர்கள் புராணப் படங்களில் இந்த நுட்பங்களை மேலும் கூர்மையாக்கினர்.

குறைந்த செலவு, நிறைந்த மாயம்

தொலைக்காட்சித் தொடர்களின் நேரடி முன்னோடியாகச் சொல்லத் தகுந்தவர் பி. விட்டலாச்சாரியா. உடுப்பியை அடுத்த உத்யாவரத்தில் 1920-இல் பிறந்து, கர்நாடகத்தில் டூரிங் டாக்கீஸ் நடத்தி, படத் தயாரிப்பில் இறங்கி, பிறகு சென்னையில் நிலைகொண்டு தெலுங்கு மாயாஜாலப் படங்களைத் தொடர்ச்சியாக எடுத்தவர். அவரது படங்கள் தமிழில் மொழிமாற்றம் பெற்று ஊர்ப்புறக் கொட்டகைகளில் பெருவெற்றி அடைந்தன. ஜெயமாலினி நடித்த 'ஜகன்மோகினி' (1978) அவற்றில் தலையாயது. அதே தலைப்பில் 1951-இல் மைசூரின் மகாத்மா பிக்சர்ஸ் ஒரு கன்னடப் படத்தை எடுத்திருந்தது. 2009-இல் தமிழில் மறுஆக்கமும் வந்தது. ஓசூர், கிருஷ்ணகிரி போன்று தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் புழங்கும் பகுதிகளில் இத்தகைய படங்கள் எந்த மொழியில் வந்தாலும் அந்நியமாக இருந்ததில்லை. மாயக் காட்சிக்கு வசனம் குறைவு என்பதால் அது மொழி எல்லையை எளிதில் கடக்கிறது.

'ஜகன்மோகினி'யில் விறகுக்குப் பதிலாகப் பேய்ப்பெண் தன் காலையே அடுப்பில் வைத்துச் சமைக்கும் காட்சி புகழ்பெற்றது. அதற்குச் செலவு மிகக் குறைவு. அடுப்பின் மறைவில் போலிக் காலை வைப்பதும், கேமராவின் கோணத்தைச் சரியாகத் தேர்வதும் போதும். ஆனால் கற்பனை துல்லியமானது. பேய் வலியை உணராது, வீட்டு வேலையை மனிதர்போல் செய்யாது, பார்ப்பவர் வரும்வரை மறைத்துக்கொள்ளும் என்ற விதிகள் ஒரே படிமத்தில் அடங்குகின்றன. விதி தெளிவாக இருந்தால் எளிய தந்திரமும் போதும் என்பதற்கு இது நல்ல சான்று.

தொலைக்காட்சிக்கு வந்த மாயம்

இந்தியத் தொலைக்காட்சியில் மாயக் காட்சிகளைப் பெருமளவில் பரப்பியது 1987 ஜனவரி 25 அன்று தூர்தர்ஷனில் தொடங்கிய ராமானந்த் சாகரின் 'ராமாயணம்'. வானில் எதிரெதிராக வந்து மோதும் அம்புகள், மறையும் தேவர்கள், பெருகி வளரும் உருவங்கள் ஆகியவை கோடிக்கணக்கான வீடுகளில் ஒரே நேரத்தில் காணப்பட்டன. 1988-இல் தொடங்கிய பி. ஆர். சோப்ராவின் 'மகாபாரதம்' இந்த மொழியை நிலைநாட்டியது. 1997-இல் தொடங்கிய 'சக்திமான்' தொடரில் நாயகன் சுழன்று சுழன்று உருமாறியது குழந்தைகளின் விளையாட்டாகவே ஆனது. ஒவ்வொரு வாரமும் அதே சுழற்சி வந்ததால் தயாரிப்பாளருக்குச் செலவு மிச்சமாயிற்று. பார்வையாளருக்கோ அது எதிர்பார்த்துக் காத்திருக்கும் அடையாளமாயிற்று.

தமிழில் இரண்டு எதிரெதிர் வழிகள் தோன்றின. இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி நாகா இயக்கிய 'மர்மதேசம்' வரிசையின் 'விடாது கருப்பு' (1997-98) குதிரையில் வரும் கருப்புசாமியின் அச்சத்தைக் கோணம், நிழல், ஒலி, இரவு வெளிச்சம் ஆகியவற்றால் உண்டாக்கியது. அமானுஷ்யமா மனிதச் செயலா என்ற ஐயத்தில்தான் அந்தக் கதையின் பலம் இருந்ததால், கணினி வரைகலை அங்கே கெடுதலாகவே முடிந்திருக்கும். மற்றொரு வழி, 2000களின் நடுவில் சன் தொலைக்காட்சியில் வந்த 'மை டியர் பூதம்' போன்ற சிறுவர் தொடர்களுடையது. அங்கே மாயம் வெளிப்படையானது, விளையாட்டுத்தனமானது. தோன்றுவதும் மறைவதும் சிறிதாவதும் பறப்பதும் ஒவ்வொரு பகுதியிலும் வேண்டும்.

2017-18-இல் ஒளிபரப்பான 'நந்தினி' அளவிலும் சந்தையிலும் ஒரு திருப்பம். தமிழில் சன் தொலைக்காட்சிக்கும் கன்னடத்தில் உதயா தொலைக்காட்சிக்கும் உருவாக்கப்பட்ட அந்த நாகக் கதை தெலுங்கிலும் மலையாளத்திலும் ஒளிபரப்பாயிற்று. ஒரு முறை செய்த மாயக் காட்சி நான்கு மொழிகளில் பயன்பட்டதால் அதற்கான செலவைத் தாங்குவது எளிதாயிற்று.

நாகக் கதைகள் கணினிக்கு மாறியதற்குச் சட்டமும் ஒரு காரணம். 'வெள்ளிக்கிழமை விரதம்' (1974) போன்ற படங்களில் உயிருள்ள பாம்பு ஒரு பாத்திரமாகவே வந்தது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், படப்பிடிப்பில் விலங்குகளைப் பயன்படுத்த விலங்குநல வாரியத்தின் அனுமதியைக் கோரும் 2001-ஆம் ஆண்டு விதிகளும் நடைமுறையில் இறுகியபோது, நாகப்பாம்பைக் கணினியில் வரைவது எளிய வழியாயிற்று. பாம்பின் உடல் தலை சென்ற தடத்தையே பின்தொடரும், தரையை அழுத்தும் இடத்தில் நிழல் கறுக்கும், செதில்கள் வளைவின் உட்பக்கம் நெருங்கி வெளிப்பக்கம் விரியும். இவை தவறினால் பாம்பு ரப்பர்க் குழாயாகத் தெரியும். பாம்புக்கு இயற்கையில் மூலம் இருப்பதால் அதன் பிழையைப் பார்வையாளர் உடனே பிடித்துவிடுவார். அந்தப் பாம்பு பெண்ணாக மாறும் கணத்தில்தான் கலைஞருக்குச் சுதந்திரம் கிடைக்கிறது.

விதித் தொகுப்பு

நன்கு திட்டமிட்ட தொடரில் படப்பிடிப்புக்கு முன்பே மாயத்தின் விதிகள் எழுதப்படுகின்றன. அவற்றில் முதலாவது மூலம். சக்தி உடலில் இருக்கிறதா, பொருளில் இருக்கிறதா, தெய்வ அருளில் இருக்கிறதா என்பதே ஒளி எங்கிருந்து கிளம்ப வேண்டும் என்பதை முடிவு செய்கிறது. உடலில் என்றால் கண்ணிலோ நெஞ்சிலோ தொடங்கும். வேல், தாயத்து, மாணிக்கம் போன்ற பொருளில் என்றால் அந்தப் பொருளே ஒளிமூலமாகும். அருள் என்றால் ஒளி மேலிருந்து இறங்கும்.

இரண்டாவது சைகை. அமெரிக்க அனிமேஷன் தொடரான 'அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்' (2005) நீர், நிலம், நெருப்பு, காற்று ஆகிய நான்கு சக்திகளுக்கும் நான்கு வெவ்வேறு சீனத் தற்காப்புக் கலைகளின் அசைவுகளைக் கொடுத்தது. நீரைக் கையாள்பவர் தை-சியின் வழுக்கும் அசைவோடும், நிலத்தைக் கையாள்பவர் ஊன்றிய கால்களோடும் நின்றதால், மாயம் தோன்றுமுன்பே அது எந்த வகை என்று புரிந்தது. தமிழ்த் தொடர்களுக்குப் பரதத்தின் முத்திரைகள், சிலம்பத்தின் சுற்று, கூத்தின் அடவு, பூசையின் கைச்செயல்கள் என்று வளமான இருப்பு உண்டு. ஆனால் பல தொடர்களில் நல்லவர் கெட்டவர் எல்லோரும் உள்ளங்கையை நீட்டுவதோடு நின்றுவிடுகிறார்கள். அதனால் எல்லா மாயமும் ஒரே மாயமாகத் தோன்றுகிறது.

மூன்றாவது நிறம். மஞ்சளும் குங்குமச் சிவப்பும் அம்மனுக்கு, பச்சையும் கறுப்பும் மந்திரவாதிக்கு, நீலம் நாகத்துக்கு என்ற வழக்கு பல தொடர்களில் ஊறியிருக்கிறது. வழக்கைப் பின்பற்றினால் பார்வையாளருக்கு விளக்கம் தேவையில்லை. அதை மீறினால் அந்த மீறலுக்குக் கதையில் காரணம் வேண்டும்.

நான்காவது காலம். ஒரு மாயச் செயலுக்கு முன்னறிகுறி, நிகழ்வு, எச்சம் என மூன்று கட்டங்கள் உண்டு. தொலைக்காட்சியில் ஒரு நொடிக்கு 25 சட்டகங்கள். மூன்று நொடி மாயத்தில் 75 சட்டகங்கள் இருக்கும். அவற்றில் முப்பதை முன்னறிகுறிக்கும், பதினைந்தை நிகழ்வுக்கும், முப்பதை எச்சத்துக்கும் ஒதுக்கினால் சக்தி பாய்ந்ததாக உணரப்படும். 75 சட்டகங்களிலும் ஒளி ஒரே அளவில் எரிந்தால் விளக்கு எரிவதாகவே தோன்றும். எச்சம் அடிக்கடி மறக்கப்படும் பகுதி. கருகிய சுவர், அசையும் திரைச்சீலை, படியும் தூசு, களைத்த முகம் ஆகியவை மாயம் உலகைத் தொட்டதற்கான சான்றுகள்.

ஐந்தாவது விலை. தபசு மரத்தின் உயரம்போல், சக்தியைப் பயன்படுத்தியவர் எதை இழக்கிறார் என்பது காட்சியில் தெரிய வேண்டும். விலையற்ற சக்தி எந்தச் சிக்கலையும் உடனே தீர்த்துவிடும் என்பதால் கதையே தளர்ந்துவிடுகிறது.

படப்பிடிப்புத் தளத்தில்

மாயக் காட்சியின் தரம் பெரும்பாலும் கணினிக்குப் போகுமுன்பே தீர்மானமாகிறது. மந்திரவாதியின் கையில் சிவந்த தீப்பந்து இருக்கும் என்றால், அந்தச் சிவப்பு அவர் முகத்திலும் பக்கத்துச் சுவரிலும் விழ வேண்டும். படம்பிடிக்கும்போதே உள்ளங்கையில் சிறு எல்இடி விளக்கை வைத்தால் இது தானாகக் கிடைக்கும். பிறகு கணினியில் சேர்ப்பது பல மடங்கு வேலை. பெடஸ்டல் ஃபேன் காற்று கூந்தலையும் சேலையையும் அசைத்தால் மாயக் காற்றுக்கு எடை வரும். நடிகர் பார்க்க வேண்டிய இடத்தில் ஒரு கம்பின் நுனியில் டேப் ஒட்டி வைத்தால், எதிரில் இல்லாத பூதத்தின் உயரத்தை எல்லோரும் ஒரே கோட்டில் பார்ப்பார்கள். ஒவ்வொரு ஷாட்டுக்கும் நடிகர் இல்லாத வெற்றுக் காட்சி ஒன்றையும் எடுத்துவைப்பது வழக்கம். நடிகரை மறைக்கும்போதோ அவரைத் தூக்கிய கம்பியை அழிக்கும்போதோ அந்த வெற்றுக் காட்சியிலிருந்துதான் பின்னணி நிரப்பப்படுகிறது. 'ஜகதலப்பிரதாபன்' காலத்து மாஸ்க் ஷாட்டுக்கு வேண்டியிருந்த அசையாத கேமரா, இன்றும் செலவைக் குறைக்கும் முதல் வழி.

பின்னணியை மாற்றும் காட்சிகள் கிரீன் மேட் எனப்படும் பச்சைத் திரையின் முன்னால் எடுக்கப்படுகின்றன. மனிதத் தோலில் பச்சை மேலோங்குவதில்லை. டிஜிட்டல் கேமராவின் உணர்வியில் சிவப்பு, நீலப் புள்ளிகளைவிடப் பச்சைப் புள்ளிகள் இரு மடங்கு இருப்பதால் பச்சை தெளிவாகப் பதிவாகிறது. ஆனால் தமிழ்த் தெய்வத் தொடர்களின் உடையும் அணியும் இந்த முறைக்குச் சவாலானவை. மீனாட்சிக்குக் கிளிப்பச்சைப் பட்டு உடுத்தினால் மேட்டை அகற்றும்போது சேலையும் கரைந்துவிடும். அங்கே நீல மேட் வேண்டும். பட்டின் ஜரிகையும் தங்க நகைகளும் கிரீடமும் சுற்றியுள்ள பச்சையைப் பிரதிபலிக்கும். நடிகரை மேட்டிலிருந்து சில அடி முன்னால் நிறுத்தி, பின்னாலிருந்து தனி ஒளி கொடுத்தால் இது குறையும். உக்கிர அம்மனின் விரித்த கூந்தல்தான் மிகக் கடினம். முடியின் ஒவ்வொரு இழைக்கும் நடுவே பச்சை தெரியும்.

கேமரா நிறத்தை எப்படிச் சேமிக்கிறது என்பதும் முக்கியம். 1920 × 1080 அளவுள்ள சட்டகத்தில் 20,73,600 புள்ளிகள் உள்ளன. நிறத் தகவலைச் சுருக்கிப் பதிவு செய்யும் 4:2:0 முறையில் ஒளியளவு மட்டுமே இத்தனை புள்ளிகளுக்கும் தனித்தனியாகப் பதிவாகும். நிறம் 5,18,400 இடங்களுக்கே, அதாவது கால் பங்குக்கே பதிவாகும். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. ஆனால் பச்சையைப் பிரிக்கும் மென்பொருள் நிறத்தை வைத்தே விளிம்பைக் கண்டுபிடிப்பதால் முடியும் விரல்களும் படிக்கட்டுப்போல் வெட்டுப்படும்.

கணினியில்

தளத்திலிருந்து வந்த காட்சியில் முதலில் ரோட்டோ நடக்கிறது. ஒவ்வொரு சட்டகத்திலும் நடிகரின் வெளிக்கோட்டை வளைகோடுகளால் வரைந்து பிரிப்பது இந்த வேலை. அடுத்து, கேமரா எப்படி நகர்ந்தது என்பதைக் காட்சியில் உள்ள புள்ளிகளின் அசைவிலிருந்து மென்பொருள் கணக்கிடுகிறது. அந்தக் கணக்கு பிசகினால் சுவரில் ஒட்டிய மந்திரச் சக்கரம் சுவரை விட்டு மிதக்கும்.

புகை, தீப்பொறி, பொன்தூள், சாம்பல் ஆகிய மாயத்தின் பொதுப் பொருட்கள் துகள் முறையில் உருவாகின்றன. 'ஸ்டார் ட்ரெக் 2' (1982) படத்தில் ஒரு கோள் முழுவதும் தீ பரவும் காட்சிக்காக லூகாஸ்பிலிமின் வில்லியம் ரீவ்ஸ் வகுத்த முறை இது. ஒவ்வொரு துகளுக்கும் பிறப்பு, வேகம், நிறம், ஆயுள் ஆகியவை உண்டு. தனித்தனியாக வரையத் தேவையில்லை. விதியைக் கொடுத்தால் ஆயிரக்கணக்கில் பிறந்து மறையும். 'ட்ரான்' (1982) படத்தில் பணியாற்றிய கென் பெர்லின் பின்னர் உருவாக்கிய ஒழுங்கற்ற இரைச்சல் கணக்கீடு, ஒளிக்கும் புகைக்கும் இயற்கையான சலனத்தைத் தருகிறது. தாமஸ் போர்ட்டரும் டாம் டஃப்பும் 1984-இல் வெளியிட்ட கணக்கு, எந்தப் படலத்தின்மேல் எந்தப் படலம் எவ்வளவு ஊடுருவித் தெரிய வேண்டும் என்பதற்கு இன்றும் அடிப்படை.

தொடர்களின் நெருக்கடியில் எல்லாவற்றையும் புதிதாக உருவாக்க முடியாது. கறுப்புப் பின்னணியில் முன்பே எடுத்துவைத்த தீ, புகை, பொறி ஆகியவற்றின் தொகுப்பு ஒவ்வொரு ஸ்டுடியோவிலும் இருக்கும். ஒளியைக் கூட்டும் முறையில் அவற்றைக் காட்சியின்மேல் வைத்தால் கறுப்பு தானாக மறைந்து தீ மட்டும் நிற்கும். விலை குறைந்த, வேகமான வழி. ஆனால் அதே தீ பல தொடர்களில் பல கைகளிலிருந்து கிளம்புவதைப் பழகிய கண் கண்டுகொள்ளும்.

ஒலி இந்த வேலையின் கடைசிக் கட்டமாக வந்தாலும் நம்பகத்தன்மையில் முன்வரிசையில் நிற்கிறது. மகுடி, உடுக்கை, சலங்கை, இடி ஆகியவை எந்தச் சக்தி வருகிறது என்பதைப் படத்துக்கு முன்பே அறிவித்துவிடுகின்றன. படத்தில் குறை இருக்கும் இடத்தை ஒலி மறைத்துவிடும். ஒலி பிசகினால் நல்ல படமும் பொம்மையாகத் தெரியும்.

நேரக் கணக்கு

22 நிமிடத் தொடர்ப் பகுதி ஒன்றில் 33,000 சட்டகங்கள் உள்ளன. அதில் சராசரி நான்கு நொடி கொண்ட நாற்பது மாய ஷாட்டுகள் இருப்பதாக வைத்துக்கொண்டால் 4,000 சட்டகங்களில் கணினி வேலை தேவை. ஒரு கலைஞர் ஒரு நாளில் நூறு சட்டகங்களுக்கு ரோட்டோ செய்வார் என்று கொண்டால், அந்தப் பகுதிக்கு ரோட்டோ மட்டும் நாற்பது ஆள்நாள். வாரம் ஆறு பகுதிகள் என்றால் 240 ஆள்நாள். எந்தத் தொடரின் வரவுசெலவும் இதைத் தாங்காது. ஆகவே தயாரிப்பு நிர்வாகமே வடிவமைப்பின் பகுதியாகிறது.

இதைச் சமாளிக்கப் பல உத்திகள் உண்டு. பெரிய மாயத்தை வாரத்தின் கடைசிப் பகுதிக்கு வைத்து, மற்ற நாள்களில் அதன் எச்சத்தையும் எதிர்பார்ப்பையும் கொண்டு கதையை நகர்த்தலாம். உருமாறும் காட்சியை ஒரு முறை உயர்ந்த தரத்தில் செய்து, திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். மாயத்தைவிட அதைப் பார்ப்பவரின் முகத்தை அதிகம் காட்டலாம். அதிர்ச்சியடைந்த முகத்தின் நெருக்கக் காட்சியில் ஒளி மாறுவது மட்டும் போதும். கணினி வேலை தேவையில்லை. மாயத்தின் அளவும் எண்ணிக்கையும் எழுத்தாளரின் மேசையிலேயே கட்டுப்பட வேண்டும். 'மின்னல் வெட்ட அரண்மனை இடிந்து விழுகிறது' என்று எழுதுவதற்கு ஒரு வரி போதும். செய்து முடிக்கப் பல வாரம் ஆகும்.

உலக அளவில் பெரும்பொருள் செலவழிக்கும் தொடர்களும் மாயத்துக்கு வடிவமும் ஒளியும் கொடுக்கும் சிக்கலிலிருந்து விடுபடவில்லை. அமேசானின் 'தி வீல் ஆஃப் டைம்' (2021) நாவலில் வரும் மந்திர சக்தியின் இழைகளைப் பின்னிப் பின்னி வெளிப்படும் ஒளித் திரிகளாகக் காட்டியது. 'தி மாண்டலோரியன்' (2019) பச்சைத் திரைக்குப் பதில் எல்இடி சுவர்களில் பின்னணியை ஓடவிட்டு நடிகர்மேல் சரியான ஒளி விழச் செய்தது. அந்தத் தீர்வு கைகளில் பிடித்த எல்இடி விளக்கின் அதே கொள்கைதான், அளவுதான் பெரிது.

எல்லைப் பகுதியின் இடம்

தமிழ்த் தொடர்களின் தயாரிப்பு மையம் சென்னை. காட்சி விளைவுத் தொழிலின் பெரிய மையங்களில் ஒன்று பெங்களூரு. கர்நாடகம் அனிமேஷன், காட்சி விளைவு, விளையாட்டு மென்பொருள் ஆகியவற்றுக்கெனத் தனிக் கொள்கையை 2012-இல் அறிவித்தது. பெங்களூருவின் எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்து ஓசூர் ஏறத்தாழ 20 கிலோமீட்டர். சென்னையோ 300 கிலோமீட்டர். இரண்டு தொழில்களுக்கும் நடுவே இருக்கும் இந்தப் பகுதியின் முதன்மை அடையாளம் வாகனமும் கடிகாரமும் இயந்திர உதிரிகளும் செய்யும் தொழிற்சாலைகளே. டிவிஎஸ் மோட்டார், அசோக் லேலண்ட், டைட்டன் ஆகியவற்றின் ஆலைகள் இங்கே உள்ளன.

வாகன வடிவமைப்புக்கும் மாயக் காட்சிக்கும் தொடர்பில்லை என்று தோன்றலாம். ஆனால் இரண்டும் ஒரே கணிதத்தில் நிற்கின்றன. கார் உடலின் வளைவுகளைக் கணினியில் துல்லியமாக வரைய 1960களில் ரெனோ நிறுவனத்தில் பியர் பெசியே பரப்பிய வளைகோடுகளைத்தான் ரோட்டோ கலைஞர் நடிகரின் விளிம்பை வரையப் பயன்படுத்துகிறார். வாகனங்களின் வெளித்தோற்றத்தை வடிவமைக்கும் அலையாஸ் மென்பொருளும், திரைப்படங்களுக்கு முப்பரிமாண உருவங்கள் செய்யும் மாயா மென்பொருளும் ஒரே நிறுவனத்தில் வளர்ந்தவை. மாயா 1998-இல் வெளிவந்தது. இன்று இரண்டும் ஆட்டோடெஸ்க் வசம் உள்ளன. மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் டேங்கை வரையும் கைக்கும் நாகத்தின் படமெடுத்த தலையை வரையும் கைக்கும் கருவி ஏறத்தாழ ஒன்றே. வடிவமைப்புப் பயிற்சி பெற்ற ஒருவர் மேற்பரப்பின் வளைவு எங்கே உடைகிறது, ஒளி அதில் எப்படி வழுக்குகிறது என்பதை அறிவார். திரைக்கலை அவரிடம் கூடுதலாகக் கேட்பது நேரம், உணர்ச்சி, கதை ஆகிய மூன்றை.

இந்தத் தொழிலின் நிலையாமையையும் கருத வேண்டும். ஹாலிவுட் படங்களுக்கு வேலை செய்த டெக்னிகலர் குழுமம் 2025 பிப்ரவரியில் வீழ்ந்தபோது, பெங்களூரிலிருந்த அதன் ஸ்டுடியோக்களின் கலைஞர்களும் வேலையிழந்தனர். வெளிநாட்டு ஒப்பந்த வேலையில் ரோட்டோவும் கம்பி அழிப்பும் பெருமளவில் இந்தியாவுக்கு வருகின்றன. மாயத்தின் விதிகளை வகுக்கும் வடிவமைப்புப் பணி பெரும்பாலும் அங்கேயே தங்கிவிடுகிறது. தமிழ், கன்னடத் தொடர்களில் அந்தப் பணியும் இங்கேயே நடக்கிறது. செலவும் நேரமும் குறைவானாலும் மூலம், சைகை, நிறம், காலம், விலை ஆகியவற்றை முடிவு செய்யும் பொறுப்பு உள்ளூர்க் கலைஞரிடம் இருக்கிறது. ரோட்டோவும் பச்சை நீக்கமும் தானியங்கி மென்பொருளிடம் வேகமாகப் போய்க்கொண்டிருக்கும் காலத்தில், மனிதக் கலைஞருக்கு நிலைக்கக்கூடிய வேலையும் அதுவே. அதற்கான பயிற்சி மென்பொருள் வகுப்பில் தொடங்கினாலும், பார்ட்லியின் ஷாட்டுகளையும் விட்டலாச்சாரியாவின் சிக்கனத்தையும் கூத்தின் திரைநுழைவையும் கற்காமல் முழுமை பெறாது.